பிரித்த கட்டைத் தூக்கிப் போடாதீர்கள்: சீழ் வைத்த புண்ணுக்கு மருந்துக் கட்டு தேர்ந்தெடுக்கும் முறை

மேலூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலைக்குப் புதிதாக வந்த ஒரு தங்கச்சி போன மாதம் என்னிடம் கேட்டாள்: "அக்கா, இந்தப் புண்ணுக்குச் சில்வர் போடவா, அயோடின் போடவா?" பையில் இரண்டுமே இருந்தன. "நேத்துப் போட்ட கட்டு எங்கம்மா?" என்றேன். பிரித்த கையோடு சுருட்டிக் குப்பைப் பையில் போட்டு முடிச்சும் போட்டுவிட்டாள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பைக்குள் கிடந்தது.

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் இருபது வருடமாகப் புண் கட்டி வருகிறேன். சர்க்கரைப் புண், படுக்கைப் புண், நரம்பு சுருண்ட காலில் வரும் புண், அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிரிந்துகொண்ட தையல் என்று பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரியும். மருந்துக் கட்டைத் தேர்ந்தெடுப்பது பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. புண்ணையும், அதிலிருந்து பிரித்த பழைய கட்டையும் பார்த்துச் செய்கிற வேலை. புதிதாகப் பணிக்கு வந்த செவிலியருக்கும், மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு வீட்டில் கட்டு மாற்றும் பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் இதை எழுதுகிறேன். மருந்துக் கட்டு என்று இங்கே நான் சொல்வது வெள்ளி (சில்வர்), அயோடின் போல, கிருமியை அடக்கும் பொருள் கலந்த கட்டு. மற்றதெல்லாம் சாதாரணக் கட்டு.

முதலில்: கட்டைத் திறக்காமல் கிளம்ப வேண்டிய புண்கள்

பெட்டியைத் திறக்கும் முன் ஆளைப் பாருங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், வேகமான மூச்சு, நாடித் துடிப்பு ஏறியிருப்பது, பேச்சுக் குழறுவது, நேற்று வரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று சுருண்டு படுத்திருப்பது, இவற்றில் எது இருந்தாலும் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம். புண்ணைச் சுற்றிய தோலைத் தொட்டால் அடியில் மணல் நெறுநெறுப்பது போலத் தெரிகிறதா? புண் சின்னதாக இருக்க, வலி மட்டும் ஆளைத் துடிக்க வைக்கிறதா? தோல் ஊதா நிறத்துக்கு மாறி நீர்க்கொப்புளம் கிளம்புகிறதா? சதையைத் தின்று பரவும் தொற்று இப்படித்தான் தொடங்கும், அது மணிக்கணக்கில் பரவும். அப்போது சுத்தமான துணியால் மூடிவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். பனகல் சாலைப் பெரியாஸ்பத்திரியோ வேறு பெரிய மருத்துவமனையோ, அறுவை சிகிச்சை செய்கிற இடமாக இருக்க வேண்டும். "ஒரு சில்வர் கட்டுப் போட்டுப் பார்ப்போம்" என்று அந்த நேரத்தில் சொல்லாதீர்கள்.

அவ்வளவு தீவிரம் இல்லாமல் சிவப்பு மட்டும் பரவியிருந்தால், அதன் ஓரத்தைப் பேனாவால் தோலிலேயே கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். சாயங்காலம் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் கட்டு மட்டும் போதாது, மருத்துவரிடம் போக வேண்டும். காலில் புண் இருந்து தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தாலும் அப்படித்தான். சர்க்கரை உள்ளவர் காலில் சிவப்பு, புண்ணின் விளிம்பிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் போயிருந்தாலோ, புண்ணின் ஆழத்தில் எலும்பு தென்பட்டாலோ அன்றைக்கே மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது இரத்த ஓட்டம். பாதத்தின் மேற்பக்கத்திலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பிடித்துப் பாருங்கள். நாடி கிடைக்காத, சில்லென்று இருக்கிற காலில் விரல் காய்ந்து கறுத்திருந்தால் அதில் ஈரக் கட்டு எதுவும் கூடாது. ஜெல், தேன், களிம்பு எல்லாம் அந்தக் காய்ந்த கறுப்பை ஊற வைத்து, வெளியே நின்ற கிருமியை உள்ளே அழைத்துப் போகும். பொவிடோன் அயோடினைத் தடவிக் காயவிட்டு, விரல்களுக்கு இடையில் உலர்ந்த காஸ் துணி வைத்து, இரத்தக் குழாய் மருத்துவரிடம் அனுப்புங்கள். இரத்தம் போகாத இடத்தில் எந்த விலையுயர்ந்த கட்டும் புண்ணை ஆற்றாது.

இன்னொன்றையும் மதுரைக்காரர்கள் தெரிந்திருக்க வேண்டும், அதன் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது. 1842-இல் மதுரை மருந்தகத்தில் கில் என்ற மருத்துவர் இங்குள்ளவர்களின் பாதத்தில் வரும் ஒரு நோயைப் பதிவு செய்தார். 1846-இல் கோல்புரூக் அதை மதுரா பாதம் என்று அழைத்தார். 1860-இல் வான்டைக் கார்ட்டர் அது பூஞ்சையால் வருவது என்று கண்டு மைசிட்டோமா என்று பெயர் வைத்தார். பூஞ்சையாலும் வரும், ஒரு வகை பாக்டீரியாவாலும் வரும் என்பது பின்னால் தெளிவானது. வெறுங்காலோடு வயலில் நிற்பவருக்கு முள் குத்தி, வருடக் கணக்கில் வலியில்லாமல் பாதம் வீங்கி, பல கண் வைத்து, கசிவோடு கறுப்பாகவோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ குருணை போலத் துகள் வரும். பிரித்த கட்டில் அந்தக் குருணையைப் பார்த்தால் அதைச் சுத்தமான புட்டியில் எடுத்து மருத்துவரிடம் கொடுங்கள். மாதக் கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிய நோய் அது. எந்த மருந்து என்பதை அந்தக் குருணைதான் முடிவு செய்யும். மேலே கட்டுகிற கட்டு அதைத் தொடக்கூட முடியாது.

பழைய கட்டை எப்படிப் பார்ப்பது

வலி உள்ளவர் என்றால், மருத்துவர் சொன்ன வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கையைக் கழுவி, உறை மாட்டி, கட்டைப் பிரித்து, ஒரு செய்தித்தாள் மேல் விரித்து வையுங்கள். நான் எப்போதும் புண்ணைப் பார்ப்பதற்கு முன் அரை நிமிடம் கட்டைத்தான் பார்ப்பேன்.

காஸ் புண்ணோடு ஒட்டிக்கொண்டு, இழுக்கும்போது இரத்தம் வந்ததா? அந்தப் புண்ணுக்குக் கசிவு குறைவு, நீங்கள் போட்ட கட்டு அதைக் காய வைத்துவிட்டது. புதிதாக வளர்ந்த சதையைத்தான் அந்த இழுப்பில் பிய்த்தீர்கள். அடுத்த முறை ஒட்டாத வலைக்கட்டு வேண்டும், இந்த முறை சலைனை (கிருமியகற்றிய உப்புநீரை) ஊற்றி நன்றாக ஊறவிட்டு எடுங்கள். மாறாக, கட்டு வெளிப்பக்கம் வரை நனைந்து துணியெல்லாம் கறையாகி, புண்ணின் விளிம்புத் தோல் நாள் முழுக்கத் துணி துவைத்த கைபோல வெளுத்து ஊறியிருந்தால், உறிஞ்சும் திறன் போதவில்லை, அல்லது மாற்றும் நாளைத் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள்.

நிறம் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தால் அது புண் ஆறும்போது வரும் இயல்பான நீர். கலங்கி, கெட்டியாகி, மஞ்சளாக வந்தால் சீழ். பச்சையோ நீலப்பச்சையோ படிந்து, அழுகின திராட்சை போல இனிப்பான ஒரு வாடை அடித்தால் சூடோமோனாஸ் என்ற கிருமியைச் சந்தேகிக்கலாம். ஆனால் கட்டுகளுக்கும் சொந்த நிறம் உண்டு. சில்வர் கட்டு சாம்பலும் கறுப்புமாகக் கறை விடும். அதைப் பார்த்துச் சதை அழுகிவிட்டது என்று பயந்துபோய் இரவோடு இரவாக வண்டி பிடித்து வந்தவர்களை எனக்குத் தெரியும். கடற்பாசியிலிருந்து செய்கிற ஆல்ஜினேட் கட்டு கசிவை உறிஞ்சிக் கொழகொழவென்று ஆகும், பார்ப்பதற்குச் சீழ் மாதிரியே இருக்கும். அதனால் நிறத்துக்கும் வாடைக்கும் தீர்ப்புச் சொல்வதைப் புண்ணைக் கழுவிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய பிறகும் வாடை நின்றால் அது புண்ணின் வாடை.

கிருமி இருப்பது வேறு, தொற்று வேறு

ஆறாத எல்லாப் புண்ணிலும் கிருமி இருக்கும். ஆய்வகத் தாளில் கிருமியின் பெயர் அச்சாகி வந்துவிட்டால் உடனே மருந்துக் கட்டு வேண்டும் என்று அர்த்தமில்லை. தொற்று என்பது கிருமிக்கு உடம்பு பதில் கொடுக்கத் தொடங்கிய நிலை. சூடு, சிவப்பு, வீக்கம், கூடும் வலி, சீழ் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்கள். இவை வெளியே தெரியும் முன்பே வரும் சின்ன அடையாளங்களைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். நன்றாக ஆறிக்கொண்டிருந்த புண் இரண்டு வாரமாக அப்படியே நிற்பது, சதை பஞ்சு போல உப்பி விளிம்புக்கு மேல் எழுவது, தொட்டாலே இரத்தம் வருவது, சதையில் சின்னச் சின்னக் குழி விழுவது, கசிவு திடீரென்று கூடுவது, இல்லாத வாடை வருவது. மருந்துக் கட்டு உண்மையாகவே வேலை செய்கிற கட்டம் இதுதான், தொற்று புண்ணுக்குள்ளேயே நிற்கிற கட்டம். சிவப்பு வெளியே பரவத் தொடங்கிவிட்டால் மாத்திரையோ ஊசியோ சேர்ந்தே ஆக வேண்டும்.

சர்க்கரையால் மரத்துப்போன காலில் வலி வராது. வயதானவருக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கும் சிவப்பும் சூடும் மங்கலாகவே தெரியும். அவர்களிடம் "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை அளவு காரணமில்லாமல் ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள், உள்ளே தொற்று இருப்பதை அது பல நேரம் முதலில் சொல்லிவிடும்.

மருத்துவர் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) கேட்டால், சீழை அப்படியே தொட்டு எடுத்து அனுப்பாதீர்கள். முதலில் சலைனால் கழுவுங்கள். பிறகு உயிருள்ள சிவந்த சதையில் ஒரு சதுர செ.மீ. இடத்தைத் தேர்ந்து, குச்சியை அழுத்திச் சுழற்றி, உள்ளிருக்கும் நீர் கசிந்து பஞ்சில் ஏறும்படி 5 நொடி வைத்து எடுங்கள். மேலே மிதக்கிற சீழில் யார் யாரோ இருப்பார்கள், சதைக்குள் இருப்பவனைப் பிடிக்க வேண்டும்.

கழுவுவது

நல்ல மருந்துக் கட்டு தோற்றுப்போவதற்கு முக்கியக் காரணம் கழுவாமல் போடுவது. நாள்பட்ட புண்ணில் கிருமிகள் வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் பதுங்குகின்றன. கண்மாய்ப் படிக்கட்டில் கால் வைத்தால் வழுக்குமே, அந்தப் பாசி போலத்தான். மேலே மருந்தை ஊற்றினால் படலம் குடையாக நிற்கும். தேய்த்தும் சுரண்டியும் எடுத்தால் உடையும், ஆனால் ஓரிரு நாளில் மறுபடி கட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியில்தான் மருந்துக் கட்டுக்கு வேலை. எனவே ஒவ்வொரு தடவை கட்டு மாற்றும்போதும் கழுவ வேண்டும்.

சலைன் போதும். இல்லையென்றால் கொதித்து ஆறிய தண்ணீர். கண்மாய், வாய்க்கால், வைகைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். 20 மி.லி. சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவினால் ஒட்டியதெல்லாம் பெயரும். வழுவழுப்பு அதிகமாக இருந்தால் பி.எச்.எம்.பி. என்ற கிருமிநாசினிக் கரைசலில் காஸை நனைத்துப் புண்மேல் 10 முதல் 15 நிமிடம் வைத்திருந்து பிறகு துடையுங்கள். மஞ்சளாக ஒட்டியிருக்கும் செத்த சதையைக் கத்தியால் வெட்டுவது பயிற்சி பெற்றவர் வேலை, வீட்டில் யாரும் முயல வேண்டாம். ஆனால் அது வெட்டப்படாமல் இருக்கும் வரை தொற்று போகாது என்பதை மருத்துவரிடம் நினைவூட்டுவது உங்கள் வேலை.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து அழுக்கெல்லாம் வெளியேறுவதாக நம்புகிறார்கள். புதிய செல்களும் அந்த நுரையில் சாகின்றன. ஆழமான குழிக்குள் அதை ஊற்றினால் வாயு இரத்தக் குழாயில் ஏறும் ஆபத்தும் உண்டு. முதலாம் உலகப் போர்க்காலத்தில் எடின்பரோவில் உருவான யூசால் என்ற குளோரின் வகைக் கிருமிநாசினிக் கரைசல் சில வார்டுகளில் இன்னும் புழங்குகிறது. செத்த சதை நிறைந்த புண்ணில் மருத்துவர் சில நாளுக்குச் சொன்னால் சரி, சிவந்து வளரும் சதையில் அதைத் தொடரக் கூடாது. 7.5 சதவீதப் பொவிடோன் அயோடின் ஸ்க்ரப் கை கழுவுவதற்கான சோப்புக் கலவை. அதைப் புண்ணுக்குள் ஊற்றாதீர்கள்.

இனி கட்டு

இப்போது கையில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. கசிவு எவ்வளவு, குழி எவ்வளவு, ஆள் யார். இந்த மூன்றையும் வைத்துத்தான் தேர்வு.

சில்வர் கட்டு பல கிருமிகளையும் தாக்கும். ஈரம் இருந்தால்தான் வெள்ளி அயனியாகி வெளியே வரும், காய்ந்த புண்ணில் போட்டால் காசைக் கட்டிவைத்த கதைதான். கசிவு அதிகம் என்றால் சில்வர் கலந்த ஆல்ஜினேட் அல்லது நார்க் கட்டு. நடுத்தரம் என்றால் சில்வர் ஃபோம், அதாவது வெள்ளி கலந்த நுரைப்பஞ்சுக் கட்டு. தீக்காயத்துக்கும் ஆழமில்லாத புண்ணுக்கும் நானோ வெள்ளி பூசிய வலை. இந்த வலையை நனைக்கச் சலைன் வேண்டாம். உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும், கிருமியகற்றிய வெறும் தண்ணீரே சரி. பெட்ரோலியம் களிம்பு தடவி அதன்மேல் சில்வர் போட்டாலும் வெள்ளி புண்ணைச் சேராது. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறவரிடம் சில்வர் கட்டு இருப்பதை அங்கே சொல்லச் சொல்லுங்கள்.

எல்லார் வீட்டிலும் இருக்கும் வெள்ளை நிற சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு வேறு வகை. தினமும் கழுவித் தடவ வேண்டும், புண்மேல் வெள்ளையாக ஒரு பொய்த்தோல் போலப் படியும். தீக்காயத்தை மருத்துவர் பார்க்கும் முன் அதைப் பூசிவிட்டால் காயத்தின் ஆழம் தெரியாமல் போகும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர், பிரசவ நாள் நெருங்கியவர், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை ஆகியோருக்குக் கூடாது.

காடெக்சோமர் அயோடின் எனக்கு மிகவும் பிடித்தது. மாவுச்சத்தால் செய்த மணிகளுக்குள் 0.9 சதவீத அயோடினை அடைத்து வைத்திருக்கிறார்கள். மணி கசிவை உறிஞ்சி உப்பும், உப்ப உப்ப அயோடினைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்த வழுவழுப் படலத்தையும் மஞ்சள் சதையையும் சேர்த்து இழுக்கும். போடும்போது பழுப்பாக இருக்கும், வெளுத்துவிட்டால் அயோடின் தீர்ந்தது, மாற்றுங்கள் என்று அதுவே சொல்லும். புதியவருக்கு இவ்வளவு நேர்மையாகத் தன் நிலையைக் காட்டுகிற கட்டு வேறில்லை. ஆனால் கேட்காமல் போடக்கூடாத கட்டும் இதுதான். தைராய்டுக் கோளாறு உண்டா, கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா, சிறுநீரகம் பழுதா, லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள், அயோடின் புண் வழியாக இரத்தத்தில் ஏறும். குழந்தைகளுக்கு வேண்டாம். ஒரு தடவைக்கு 50 கிராம், வாரத்துக்கு 150 கிராம், தொடர்ச்சியாக மூன்று மாதம், இவற்றைத் தாண்டக் கூடாது. பெரிய புண்ணுக்கு இந்தக் கணக்கு சீக்கிரமே முட்டும்.

பி.எச்.எம்.பி. கலந்த ஃபோமும் காஸும் எரிச்சல் தராது. வலி தாங்காத பெரியவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் நினைப்பேன். மூட்டுக் குருத்தெலும்பு தெரிகிற புண்ணில் மட்டும் வேண்டாம். பச்சை நிறத்தில் டி.ஏ.சி.சி. பூசிய வலைக்கட்டு என்று ஒன்று வருகிறது. அதில் மருந்தே இல்லை. நீரை வெறுக்கும் பூச்சில் கிருமி ஒட்டிக்கொள்ளும், கட்டைப் பிரிக்கும்போது கூடவே வந்துவிடும். கர்ப்பிணிக்கும் தைராய்டு உள்ளவருக்கும் தயக்கமில்லாமல் போடலாம். புண்ணின் தரையை அது நேராகத் தொட வேண்டும், இடையில் களிம்பு எதுவும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

தேனைப் பற்றிக் கேட்காத வீடே இல்லை. "அழகர்மலைத் தேன் இருக்கு சிஸ்டர், சுத்தமானது, ஊத்தலாமா?" என்று புட்டியோடு நிற்பார்கள். தேனுக்கு உண்மையிலேயே சக்தி உண்டு. கசிவை இழுக்கும், அமிலத்தன்மை உடையது, பல வகைத் தேனில் ஹைட்ரஜன் பெராக்சைடும் மெல்ல ஊறும். ஆனால் சாப்பிடுகிற தேனில் கிளாஸ்ட்ரிடியம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். புண்ணுக்கென்று காமாக் கதிர் பாய்ச்சி வித்துகளை அழித்த மருத்துவத் தேன்தான் போட வேண்டும். செத்த சதை உள்ள, வாடை அடிக்கிற புண்ணுக்கு நன்றாக வேலை செய்யும். முதல் சில நாள் கசிவு கூடும், இழுக்கிற மாதிரி வலிக்கும், நம் ஊர் வெயிலில் இளகி வழியும், ஆகவே மேலே நல்ல உறிஞ்சும் பேடு வேண்டும். தேனீக் கொட்டினால் ஒவ்வாமை வருபவருக்கு வேண்டாம், சர்க்கரை உள்ளவருக்கு அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சைக் கசிவு வந்து சூடோமோனாஸ் என்று மருத்துவரும் சொன்னால், 0.5 முதல் 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த காஸ் பழைய முறை, மலிவு, இன்றும் பயன்படுகிறது. சமையல் வினிகர் அதைவிடப் பல மடங்கு செறிவானது, கண்ணளவில் கலக்காதீர்கள், மருந்தகத்தில் கலந்து வாங்குங்கள். புற்றுநோய்ப் புண்ணின் வாடைக்கு மெட்ரோனிடசோல் ஜெல். அந்த வாடையால் சொந்த வீட்டிலேயே ஒதுக்கப்பட்டுக் கிடப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைக் கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நியோமைசின் தூள், ஃப்ராமைசெட்டின் களிம்பு ஆகியவற்றை மாதக் கணக்கில் கொட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். தூள் கட்டியாகிப் புண்ணை மூடும், அடியில் சீழ் சேரும், தோலில் ஒவ்வாமை வரும், கிருமியும் அந்த மருந்துக்குப் பழகிப்போகும். செத்த சதையைக் கரைக்கும் நொதியான கொலாஜினேஸ் களிம்பு எழுதியிருந்தால் அதோடு சில்வரோ அயோடினோ சேர்க்காதீர்கள், அந்த நொதி செத்துவிடும்.

குழியான புண்ணில் நாடா வடிவக் கட்டைத் தளர்வாக வையுங்கள், தலையணைக்குப் பஞ்சடைப்பது போலத் திணித்தால் சீழ் வெளியே வர வழியில்லை, சதைக்கு இரத்தமும் வராது. நாடாவின் வால் வெளியே தெரிய வேண்டும். எத்தனை துண்டு வைத்தீர்கள் என்று எழுதுங்கள். உள்ளே மறந்துபோன ஒரு துண்டு காஸால் மூன்று மாதம் ஆறாமல் இருந்த புண்ணைப் பார்த்திருக்கிறேன்.

மூடுவது, வெயில்

புண்ணின் விளிம்பைத் தாண்டி 2 செ.மீ.யாவது மேல் கட்டு போக வேண்டும். ஊறிய தோலுக்குத் துத்தநாகக் களிம்போ தடுப்புப் பூச்சோ தடவுங்கள். தொற்று இருக்கும் வரை, காற்றே புகாமல் இறுக்கி மூடும் ஒட்டுக் கட்டுகளைத் தவிர்த்து, தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் பிரித்துப் பார்க்கக் கூடிய கட்டாகப் போடுங்கள். சித்திரை, வைகாசியில் வியர்வையால் பிளாஸ்திரி நிற்காது, மெல்லிய ரோல் பேண்டேஜ் சுற்றுவது மேல். கட்டுப் பெட்டிகளை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே இன்னும் அதிகம்.

பதினான்கு நாள்

மருந்துக் கட்டைத் தொடங்கும் நாளைக் கட்டின் மேலேயே எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு வாரம் தள்ளி இன்னொரு தேதி. சில்வர் கட்டுக்கு 2012-இல் உலக அளவில் நிபுணர்கள் கூடி ஏற்ற கணக்கு இது, மற்ற மருந்துக் கட்டுகளுக்கும் நான் இதையே பிடித்துக்கொள்கிறேன். அந்தத் தேதியில் மூன்றில் ஒரு முடிவு. தொற்றின் அடையாளங்கள் போய்ப் புண் சிவந்து சுருங்கினால் நிறுத்திவிட்டுச் சாதாரணக் கட்டுக்கு மாறுங்கள், கிருமியைக் கொல்லும் பொருள் வளரும் சதையையும் சீண்டும். குறைந்திருக்கிறது, ஆனால் முழுதாகப் போகவில்லை என்றால் காரணத்தோடு நீட்டிக்கலாம். ஒரு மாற்றமும் இல்லை என்றால் கட்டை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் திரும்பப் போங்கள். இரத்த ஓட்டமா, எலும்பில் தொற்றா, சர்க்கரையா, வேறு நோயா என்று பார்க்க வேண்டிய நேரம் அது. வருடக் கணக்கான புண்ணின் விளிம்பு தடித்துக் காலிஃபிளவர் போல எழுந்திருந்தால் சதைத்துண்டு எடுத்துப் புற்றுநோய்ச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

என் நோட்டிலிருந்து மூன்று பேர்

பழனிக்கு வெறுங்காலோடு பாதயாத்திரை போய்வந்த ஒரு அய்யா. பதினைந்து வருடச் சர்க்கரை. கட்டைவிரலுக்கு அடியில் உள்ளங்காலில் புண், சுற்றிலும் காய்ப்பு, சிவப்பு 1 செ.மீ. அளவு, வலி இல்லை. மகன் இணையத்தில் தேடி விலையுயர்ந்த சில்வர் கட்டை வாங்கி வைத்திருந்தார். சர்க்கரைக் காலின் தொற்றுக்கு 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், சில்வரையும் தேனையும் கிருமிநாசினிகளையும் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. அங்கே வேலை செய்வது ஆன்டிபயாடிக், செத்ததை வெட்டி எடுப்பது, காலுக்குப் பாரம் கொடுக்காமல் இருப்பது. மருத்துவர் காய்ப்பைச் சீவி, மாத்திரை கொடுத்து, பாரம் தாங்காத காலணி எழுதினார். கட்டு வெறும் உறிஞ்சும் ஃபோம். "நேர்த்திக்கடன் இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கும்மா" என்றார். "முருகன் காத்திருப்பார் அய்யா, கால் காத்திருக்காது" என்றேன். நடக்காமல் இருந்தார், ஆறியது.

இரண்டாவது, ஒரு பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் நாலிலிருந்து நடு இரவு வரை கல் முன்னால் நின்றபடியே. உள் கணுக்காலுக்கு மேல் புண், சுற்றிலும் தோல் கறுத்து, கசிவு செருப்பு வரை. பிரித்த கட்டு நாலு மடிப்பும் நனைந்திருந்தது, மஞ்சள் படலம், வாடை, ஆனால் சிவப்பு பரவவில்லை. பாதத்தில் நாடி நன்றாக இருந்தது. தைராய்டு இல்லை, சிறுநீரகம் சரி. காடெக்சோமர் அயோடின், மேலே தடித்த பேடு, அதன் மேல், நரம்பு சுருண்ட காலுக்கென்று மருத்துவர் சொன்ன அழுத்தக் கட்டு. மூன்றாம் நாள் பிரித்தபோது மணிகள் வெளுத்திருந்தன, வாடை பாதி. பதினான்காம் நாள் அயோடினை நிறுத்தினேன். அழுத்தக் கட்டை நிறுத்தவில்லை, அந்தப் புண்ணை ஆற்றியது அதுதான், அயோடின் வழியைத் துப்புரவு செய்து கொடுத்தது.

மூன்றாவது, உசிலம்பட்டிப் பக்கம் படுக்கையில் இருந்த ஒரு அப்பத்தா. இடுப்புக்குக் கீழே முட்டையளவு குழி, கசிவு, வாடை. சில்வர் ஆல்ஜினேட் நாடா, மேலே ஃபோம். மலம் படாதபடி மேல் கட்டின் விளிம்பை மட்டும் ஒட்டும் படலத்தால் அடைத்தேன். அந்த வீட்டில் கத்திரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் புண் சீழ் பிடிக்கும் என்று நிறுத்தி, கஞ்சி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சதை வளரச் சத்து வேண்டும். மருமகளிடம் சொல்லி முட்டையும் பாசிப்பயறும் தொடங்கினோம், இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்தோம். இரண்டு வாரத்தில் வாடை போயிற்று, சில்வரை நிறுத்தினோம். குழி மூட ஐந்து மாதம் பிடித்தது, அதில் சில்வரின் பங்கு பதினான்கு நாள்.

பையில் என்ன வேண்டும்

சலைன் பாட்டில்கள், 20 மி.லி. சிரிஞ்ச், கையுறை, பி.எச்.எம்.பி. கரைசல், ஒட்டாத வலை, ஒரு சில்வர் ஆல்ஜினேட், ஒரு சின்ன காடெக்சோமர் டியூப், உறிஞ்சும் பேடு, ரோல் பேண்டேஜ், துத்தநாகக் களிம்பு. தாள் அளவுகோல் ஒன்று, வாரம் ஒரு தடவை நீளமும் அகலமும் அளந்து புண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்க. மருத்துவரிடம் காட்ட வேண்டிய கட்டுக்கு மூடி போட்ட புட்டி. மற்ற பழைய கட்டுகளைப் பார்த்து முடித்ததும் செய்தித்தாளில் சுற்றி, தனிப் பையில் கட்டி, தெரு நாய் இழுக்காத இடத்தில் வைத்துக் குப்பை எடுப்பவரிடம் சொல்லிக் கொடுங்கள், அவர் கையில் உறை இருக்காது. கடைசியாக அழியாத மை பேனா ஒன்று, தேதி எழுதவும் சிவப்பின் ஓரத்துக்குக் கோடு போடவும். அந்தத் தங்கச்சிக்கு நான் அன்று வாங்கிக் கொடுத்தது அதுதான்.